சிவப்பா, வெள்ளையா

வெள்ளிக்கிழமை விடிந்தபோது கார் மெக்கானிக் பூலோகம் மிஸ்திரிக்கு இரண்டு கவலைகள் இருந்தன. ஒன்று தாராவியில் பாதிப் பேருக்குத் தெரிந்தது. பத்து மணிக்குள் மன்சூர் அலி பாய்க்குப் பதில் சொல்லியாக வேண்டும். சயானில் கார்த் தரகர் ஒருவரின் கொட்டகையில் நிற்கிற சிவப்பு ஜாகுவாரா, வெள்ளை ஆஸ்டின் ஹீலியா, இரண்டில் எதை வாங்குவது என்று. இன்னொரு கவலை யாருக்கும் தெரியாதது. அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

வலது காது போய்விட்டது. சுத்தமாகப் போய்விட்டது.

போன ஆடியில் தம்பி கணேசபாண்டியன் ஒரு வாடிக்கைக்காரரை வைத்துக்கொண்டே, "அண்ணனுக்குக் காது மந்தம், இஞ்சின நான் பாக்கேன்" என்று சொன்னதும், பூலோகம் எல்லார் முன்னாலும் அவன் கன்னத்தில் அறைந்ததும், அவன் அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு செம்பூருக்குப் போய்த் தனி ஷெட் போட்டதும், வாராவாரம் படிக்கிறவர்களுக்கு மறந்திருக்காது. புதிதாக வருகிறவர்கள் இதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்: தம்பி சொன்னது நிஜம்.

இருபத்திரண்டு வருஷமாகப் பூலோகத்தின் தொழில் அந்த வலது காதில்தான் நடந்தது. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இஞ்சின் மேல் வைப்பார். பிடியை வலது காதில் ஒட்டிக்கொள்வார். கண்ணை மூடிக்கொண்டு, "மூணாவது வால்வு" என்பார். பிரித்துப் பார்த்தால் மூன்றாவது வால்வுதான். அதற்காகவே மலபார் ஹில்லிலிருந்து கூடப் பெரிய வண்டிகள் தாராவிச் சேற்றில் இறங்கி வந்தன. இடது காது பேச்சுக்குப் பரவாயில்லை. இஞ்சினுக்குள் நடக்கிற நுணுக்கம் அதில் ஏறாது.

புதன்கிழமை அவர் இரண்டு வண்டியையும் ஓட்டிப் பார்த்தார். இரண்டும் கத்தியவார் பக்கத்து இளவரசர் ஒருவருடையவை. சீமையிலிருந்து இம்மாதிரி வண்டிகள் இறங்குவது நின்றுபோய்விட்ட காலம். இதை விட்டால் இன்னொன்று கிடைக்காது. இளவரசருக்கு இரண்டில் ஒன்று விற்றாலும் சரி, இரண்டும் விற்றாலும் சரி. மன்சூர் அலி பாய்க்கு ஒன்றுதான் வேண்டும். ஜூஹு விமான மைதானத்தில் நடந்த கார்ப் பந்தயத்தை வாலிபத்தில் வேலி ஓரம் நின்று பார்த்த நாளிலிருந்து வேண்டும். அப்போது தோல் மண்டியில் கூலிக்காரர். இப்போது மண்டியே அவருடையது.

"எனக்குத் தோலுதான் தெரியும். இரும்பு ஒமக்குத்தான் தெரியும், வே. நீரு எதுங்கீரோ அதுதான். அடுத்த ஞாயித்துக்கிழமெ எம் பொஞ்சாதி ஷரீஃபுன்னிசாவ ஏத்திக்கிட்டுக் காட்டு வழியா பூனாவுக்குப் போயி மகளுக்குக் காட்டணும்" என்று சொல்லியிருந்தார்.

காட்டு வழி என்று அவர் சொன்னது கண்டாலா மலைப்பாதை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம். அந்தச் சொல் விழுந்ததிலிருந்துதான் பூலோகத்துக்குச் சோறு இறங்கவில்லை. தப்பான வண்டியைச் சொன்னால் போவது தன் பெயர் மட்டும் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது.

அன்று தரகர் கொட்டகையில் அவர் வழக்கம்போல ஸ்க்ரூடிரைவரை எடுத்து வலது காதில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடினார். தலையை ஆட்டினார். ஒன்றுமே கேட்கவில்லை. சுற்றி நின்றவர்கள் மரியாதையாக மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். அவர் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டையும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமெ சொல்லுதேன், பாய்" என்று கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பி வந்துவிட்டார்.

வியாழன் முழுக்க யோசித்தும் ஒன்றும் பிடிபடவில்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவி பேராச்சியிடம், காலையில் அம்மன் முன்னால் பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றார்.

"வண்டிக்கா?" என்று கேட்டாள் பேராச்சி.

"வண்டிக்குத்தான்."

இருபது வருஷத்தில் இஞ்சினைப் பற்றி அம்மனிடம் அவர் யோசனை கேட்டதே இல்லை என்பதை அவளும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

விடியற்காலையிலேயே அவள் மாதுங்காவுக்குப் போய்ப் பூ வாங்கி வந்துவிட்டாள். சிவப்பு வண்டிக்குச் செவ்வரளி, வெள்ளை வண்டிக்கு நந்தியாவட்டை என்று ஏற்பாடு. பூலோகம் குளித்துவிட்டு வருவதற்குள் விளக்கேற்றி, இலையில் மடித்து நூல் சுற்றிய இரண்டு பொட்டலங்களை இசக்கியம்மன் படத்தின் முன்னால் தயாராக வைத்திருந்தாள். இரண்டும் ஒரே அளவு. படத்துக்குச் செவ்வரளி மாலை அடர்த்தியாகப் போட்டிருந்தது.

பொட்டலத்தை எடுக்கக் குழந்தை வேண்டும். பக்கத்து வீட்டுச் சாயிராவுக்கு மூன்று வயது முடிந்து நாலு நடக்கிறது. அவளை அவள் அம்மா முகம் கழுவி, பவுடர் போட்டு, தலையில் துணி போட்டு அனுப்பியிருந்தாள். எந்தச் சாமியானால் என்ன, சாமி காரியம் என்றால் தலையை மூட வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். சாயிரா இரண்டு பொட்டலத்தையும் பார்த்தாள். கல்கண்டு எதில் இருக்கிறது என்று ஹிந்தியில் கேட்டாள். எதை எடுத்தாலும் கல்கண்டு உண்டு என்று பேராச்சி சொன்னதும், கிட்டத்தில் இருந்ததை எடுத்துப் பூலோகத்தின் கையில் கொடுத்தாள்.

நூலைப் பிரித்தார். நந்தியாவட்டை.

பூலோகம் பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நெஞ்சில் இருந்த பாரத்தில் பாதி இறங்கிவிட்டது. மிச்சப் பாதியை மன்சூர் அலி பாய் இறக்க வேண்டும்.

பாய் அவ்வளவு சுலபமாக இறக்கவில்லை. கொட்டகைக்கு அவர் முன்னதாகவே வந்து சிவப்பு ஜாகுவாருக்குள் ஏறி உட்கார்ந்திருந்தார். அந்த வண்டி எதிரே வந்தால் யாருக்கும் மனசு போகும். நீண்ட மூக்கும், வழுக்கிக்கொண்டு போகிற முதுகுமாக, நிற்கும்போதே ஓடுகிற தோற்றம். வெள்ளை வண்டி அதன் பக்கத்தில் சின்னதாகத்தான் தெரிந்தது. அதன் சீட்டு வேறு இரண்டு இடத்தில் கிழிந்து பஞ்சு தள்ளியிருந்தது. பாய் ஜாகுவாரின் சீட்டைத் தடவி, இப்படிப் பதனிட்ட தோலைத் தன் வாழ்நாளில் நாலு தடவைதான் பார்த்திருப்பதாகச் சொன்னார்.

"வெள்ளைதான், பாய்" என்றார் பூலோகம்.

பாயின் முகம் விழுந்துவிட்டது. ஸ்டியரிங்கை ஒரு முறை இறுகப் பிடித்துப் பார்த்துக்கொண்டார். பிறகு, "ஏன்னு ஒரு வார்த்தெ சொல்லும். நான் மனசத் தேத்திக்கிடணும்லா" என்றார்.

அம்மன் சொன்னாள் என்று சொல்ல முடியாது. காது கேட்கவில்லை என்று சொல்லவே முடியாது. ஆனால் யோசித்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. புதன்கிழமை சிவப்பு வண்டியை வளைவில் திருப்பும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு நடுக்கம் வந்து வந்து போயிற்று. உள்ளங்கையில்தான் தெரிந்தது. இஞ்சின் சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்த அவசரத்தில் அதை அவர் மதிக்கவில்லை. இத்தனை வருஷம் சோறு போட்டது காது. கை சொன்னதை யார் நம்புவது? இப்போது அம்மனே கையின் கட்சியில் சேர்ந்துவிட்டாள் என்கிற தைரியத்தில், வண்டியைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

தரகருக்கு அது பிடிக்கவில்லை. இளவரசர் வீட்டு வண்டியை லாரி மாதிரி ஜாக்கியில் தூக்குவதா என்று ஹிந்தியில் சத்தம் போட்டார். பாய் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, தூக்கினால்தான் மேற்கொண்டு பேச்சு என்று அமைதியாகச் சொன்னார்.

பூலோகம் அடியில் படுத்துக்கொண்டு, கையாலேயே தடவிக்கொண்டு போனார். பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டை சேஸ் என்கிற அடிச்சட்டத்தோடு சேருகிற இடத்தில் கறுப்புப் பெயின்ட் மற்ற இடங்களைவிடத் தடிமனாக இருந்தது. புதுசு. சுரண்டினார். உள்ளே பழைய வெல்டிங் வந்தது. என்றைக்கோ எங்கேயோ பலமாக மோதிய வண்டி. வெல்டிங் நன்றாகப் பிடித்திருந்தால் அதுவும் ஒரு குறையில்லை. பிடித்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அதைப் பார்க்க ஒரு வழி உண்டு. அந்த இடத்தில் மண்ணெண்ணெயைத் தடவி ஊற விட்டார். கால் மணி நேரம் கழித்து ஈரமே இல்லாமல் துடைத்தார். அதன் மேல் சாக்பீஸ் பொடியைப் பூசினார். பிறகு சும்மா பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். வெள்ளைப் பொடியின் நடுவில், எண்ணெய் ஊறி, மெல்ல மெல்ல ஒரு கறுப்புக் கோடு எழுந்தது. அவர் சுண்டுவிரல் நீளம் இருந்தது. விரிசலுக்குள் புகுந்த மண்ணெண்ணெய் வெளியே கசிந்து, தானே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

மன்சூர் அலி பாய் வெள்ளை வேட்டியோடு தரையில் படுத்து அதைப் பார்த்தார். எழுந்தவர் வேட்டியில் ஒட்டிய தூசியைத் தட்டவும் மறந்துவிட்டார். ஷரீஃபுன்னிசாவை எந்தப் பாதையில் கூட்டிக்கொண்டு போக இருந்தோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"வெள்ளெயே வாங்கிருவோம், வே" என்றார். "கிழிஞ்ச தோல நான் மாத்திக்கிடுதேன். எலும்ப மாத்த முடியாதுல்லா."

பூலோகத்துக்குச் சிரிப்பு வந்தது. மூன்று நாளாகச் சிரிக்காத சிரிப்பு. பாயும் சிரித்தார். கொட்டகை வாசலில் டீ வரவழைத்து, ஆளுக்கு இரண்டு கிளாஸ் குடித்தார்கள்.

சிரிக்காதவர் தரகர் மட்டும்தான். அவர் ஒரு துணியை எடுத்து, சாக்பீஸ் பொடியை அழுத்தித் துடைத்து, அந்தக் கறுப்புக் கோட்டை இல்லாமல் ஆக்கினார். இந்த வண்டிக்கு வேறு ஆள் இருக்கிறது என்றார். செம்பூரில் ஒரு மிஸ்திரி இன்றைக்கே எடுத்துக்கொண்டு போய்ச் சாயங்காலத்துக்குள் பார்த்துச் சொல்லப் போகிறான், சரி என்று அவன் சொல்லிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வாங்குகிறவருக்காக அவனே பூனாவுக்கு ஓட்டிக்கொண்டு போய் விடுவான் என்றார். பெயரையும் சொன்னார். கணேசபாண்டியன்.

பூலோகத்தின் கையில் இருந்த டீ ஆறிப்போயிற்று.

வீட்டுக்கு வந்தவர் பேராச்சியிடம் நல்ல சேதியைத்தான் முதலில் சொன்னார். விரிசலைச் சொன்னார், பாய் தரையில் படுத்ததைச் சொன்னார். தம்பி பேச்சை எடுக்காமல், அம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம் என்று படத்தின் முன்னால் போய் நின்றார். பிரிக்காத பொட்டலம் அங்கேயே இருந்தது. அந்தப் பூவையும் படத்துக்கே சாத்திவிடலாம் என்று நூலைப் பிரித்தார்.

அதிலும் நந்தியாவட்டை.

ஒரு நிமிஷம் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. காலையில் படத்தில் பார்த்த செவ்வரளி மாலை நினைவுக்கு வந்தது. வாங்கின செவ்வரளி அத்தனையும் அதிலே போயிருக்கிறது.

"ஏளா" என்றார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "ரெண்டுலயும் ஒரே பூவா வச்சே?"

பேராச்சி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை உதறிவிட்டு வந்து நின்றாள். மறைக்கிற எண்ணம் அவளுக்கு இல்லை.

"ஆமா."

"சாமி காரியத்துல வெளயாடுவியா?"

"அம்மங்கிட்ட ராத்திரியே சொல்லிட்டுத்தான் செஞ்சேன். அவள நான் ஏமாத்தல. உங்களத்தான் ஏமாத்துனேன்."

பூலோகத்துக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னாலேயே பயம் வந்தது. வெள்ளை வண்டிதான் நல்லது என்று இவளுக்கு யார் சொன்னது? இவள் தப்பாக வைத்திருந்தால்? அதைத்தான் கேட்டார்.

"நீங்கதான் சொன்னிய" என்றாள் பேராச்சி. "புதங்கெழம அந்தக் கொட்டகைக்குத் தூக்குவாளியில சோறு கொண்டாந்தேன்லா, அப்பம் பாத்தேன். வெள்ள வண்டிய விட்டு எறங்கும்போது சும்மா எறங்குனிய. செவப்பு வண்டிய விட்டு எறங்கும்போது உள்ளங்கையத் துணியில தொடச்சிய. ஒருக்க இல்ல, ரெண்டு மூணு தடவ. உங்களுக்குப் புடிக்காத வண்டியத் தொட்டா அப்படித்தான் தொடப்பிய. கல்யாணம் கட்டுன நாள்லேருந்து பாக்கேன். கைக்குத் தெரிஞ்சிருக்கு. நீங்கதான் அத நம்ப மாட்டேன்னிட்டிய."

பூலோகம் தன் உள்ளங்கையைப் பார்த்தார். இப்படி ஒரு பழக்கம் தமக்கு இருப்பதே அவருக்குத் தெரியாது.

"ஏன் நம்பலன்னும் எனக்குத் தெரியும்" என்றாள் அவள், கொஞ்சம் தணிந்து. "பொங்கல் அன்னைக்குப் பின்னால நின்னு குக்கர் வெடிக்கிற மாதிரி கத்துனேன். நீங்க திரும்பல."

ஒரு வருஷத்துக்கு மேலாகக் கட்டிக் காத்த ரகசியம் அரிசி களைந்த ஈரக் கையோடு எதிரே நின்றுகொண்டிருந்தது. வெட்கத்தில் தரை பிளக்க வேண்டும் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். பிளக்கவில்லை. அவர் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நெஞ்சு லேசாயிற்று. இனிமேல் வீட்டுக்குள்ளாவது கேட்டதுபோல் தலையாட்ட வேண்டாம். அழுகை வந்தது. அழுதார். பேராச்சி பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் தன் கையைத் துடைத்துக்கொண்டாள்.

அழுது முடிந்த பிறகுதான் தம்பி விஷயத்தைச் சொன்னார்.

பேராச்சி அரிசியை மூடி வைத்துவிட்டு எழுந்தாள். "கெளம்புங்க" என்றாள்.

"நான் போயி சொன்னா அவன் கேப்பானா? எந்த மொகத்தோட போவேன்?"

"இருக்க மொகத்தோடதான்."

சயானில் பஸ் ஏறியதும் பூலோகம் அவளிடம், "இந்தப் பக்கம் உக்காரு. அந்தக் காதுல ஒண்ணும் விழாது" என்றார். வாயால் அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு பார்த்தால், அவள் ஏற்கெனவே இடது பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள். யோசித்துப் பார்த்தார். கொஞ்ச நாளாகவே நடக்கும்போதும் அவள் இடது பக்கமாகத்தான் வருகிறாள்.

செம்பூர் ஷெட்டில் வெயில் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. நடுவில் சிவப்பு ஜாகுவார். தரகர் சொன்னபடியே காரியத்தை முடித்திருந்தார். கணேசபாண்டியன் இஞ்சினுக்குள் தலையைக் குனித்து நின்றான். அண்ணன் கையில் பார்த்துப் பழகிய அதே நீள ஸ்க்ரூடிரைவர் அவன் காதில் இருந்தது. தடங்கல் இல்லாத இஞ்சின் சத்தம். அதில் குற்றம் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. இருந்தால்தானே?

அவன் நிமிர்ந்து பார்த்தான். அண்ணியைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான். இஞ்சினை நிறுத்தினான்.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு பூலோகத்துக்கு மறந்துபோயிற்று. அடித்ததற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது, நீ சொன்னது சரிதான் என்பதை எப்படி ஆரம்பிப்பது, ஒன்றும் வரவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் வண்டியின் பின்பக்கமாகப் போய், சக்கரத்துக்கு மேலே கையை வைத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். எடுத்தார்.

உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். தாம் துடைத்தது அவருக்குத் தெரியாது.

கணேசபாண்டியன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பதினேழு வருஷம் அந்தக் கையின் பக்கத்தில் நின்று தொழில் படித்தவன். ஸ்க்ரூடிரைவரை மெதுவாகப் பெட்டிக்குள் போட்டான். அவன் நின்றது அண்ணனின் வலது பக்கம். அங்கிருந்தே பேசியிருக்கலாம். ஆனால் அவன் வண்டியை முழுசாகச் சுற்றிக்கொண்டு நடந்து வந்து, அண்ணனின் இடது பக்கத்தில், காதுக்குக் கிட்டே நின்றான்.

"எங்கனண்ணே?" என்றான்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு அண்ணே என்ற சொல் அந்தக் காதில் விழுந்தது. பூலோகம் விரலை நீட்டி, வண்டிக்கு அடியில் அந்த இடத்தைக் காட்டினார்.

அப்போது பேராச்சி சட்டென்று தெருப் பக்கம் திரும்புவதைப் பார்த்து, அவரும் திரும்பினார். ஹாரன் அடித்திருக்க வேண்டும். வாசலில் தரகரின் கார் வந்து நின்றிருந்தது. தரகரோடு புது உடுப்பில் இன்னொருவர், வண்டியை வாங்க வந்தவர் போலிருக்கிறது, இறங்கிக்கொண்டிருந்தார். அந்த ஹாரன் கணேசபாண்டியனுக்குக் கேட்காமல் இருந்திருக்காது. ஆனாலும் அவன் வாசலைப் பார்க்கவில்லை. மண்ணெண்ணெய் டின்னையும் ஒரு சாக்பீஸையும் எடுத்துக்கொண்டு அண்ணனோடு வண்டிக்கு அடியில் குனிந்தான்.